நடுவில் பாறை

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் வரும் குமாரசாமி நான்தான். 'நான்' என்று வைத்து நான்கு தடவை எழுதிப் பார்த்தேன். நான்கு தடவையும் மூன்றாவது பக்கத்துக்குள் அந்த 'நான்' நல்லவனாகிவிட்டான். ஆகவே அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, கொஞ்சம் தள்ளி நிற்கவைத்து எழுதுகிறேன்.

போன மாதம் என் அக்கா கண்ணாத்தாள் வீட்டில் ஒரு விசேஷம். கொல்லைப்புறத்துப் பலகை மேடையில் விருந்தாளிகளுக்குப் பாய் போட்டிருந்தார்கள். அக்காவின் வீட்டுக்காரர் செங்கோட்டையன், "இது எங்க மாப்ள போட்ட படமுங்க. நடுவுல காலே இல்லாம நாலு வருசமா நிக்குது பாருங்க" என்றார். எல்லோரும் குனிந்து அடியில் பார்த்துவிட்டு என்னைப் புகழ்ந்தார்கள். நான் கைகூப்பினேன். அந்தக் கைகூப்பலைத் தாங்க முடியாமல்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

2

மூன்று தொடக்கங்கள் எழுதி மூன்றையும் அடித்தேன். அடித்தவை கீழே கிடக்கட்டும்.

(1944 பங்குனி. வெண்ணந்தூருக்கு மேற்கே வெயில் மண்ணை வறுத்துக்கொண்டிருந்தது. பனைமரங்களின் நிழல் கூட... வெயில் இந்தக் கதையில் ஒரு குற்றமும் செய்யவில்லை. வேண்டாம்.)

(யுத்த காலத்தில் ஏழை எளியவர்கள் பட்ட துயரம் சொல்லி மாளாது. இது மேடைப் பேச்சு. அடித்தாயிற்று.)

(செங்கோட்டையன் பேராசைக்காரர். அவர்... இது பழியைத் தள்ளிவிடும் வேலை. அவருக்கு வீட்டில் ஏழு வயிறு. இரண்டு வருஷமாக மழை சரியில்லை. அவருக்கு இருந்தது பயம்.)

நான்காவது இது: குமாரசாமிக்குப் படம் போடத் தெரியும்.

மேட்டூரில் அணை கட்டும்போது அவன் இரண்டு வருஷம் கட்டடப் படங்களைப் பெயர்த்து எழுதும் வேலையில் இருந்தான். பிறகுதான் ராசிபுரத்தில் வாத்தியார் ஆனான். சொந்தக்காரர்களுக்குள் யார் தொழுவம் கட்டினாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். அதில் அவனுக்குப் பெருமை உண்டு. (கொஞ்சம் அதிகமாகவே உண்டு.)

3

செங்கோட்டையன் ஆள் அனுப்பினார். குமாரசாமி போனான்.

"கொல்லச் செவுத்த ஒட்டி ஒரு பலக மேட போடோணும் மாப்ள. பருத்தி கொட்டி வெக்கறதுக்கு."

"அதுக்கு எதுக்குங்க மாமா படம்? ஆசாரிகிட்டச் சொன்னாப் போதாதுங்களா?"

"ஆசாரிகிட்ட உட்டா நடுவுல குழி பறிப்பான்."

குமாரசாமிக்குப் புரிந்தது. நடுவில் ஏற்கெனவே ஒரு குழி இருந்தது, சோளக்குழி. ஆள் உயரத்துக்குத் தோண்டி, சுற்றிலும் வைக்கோல் திரி வைத்து, சோளத்தைக் கொட்டி, வாயில் பலகைக்கல் போட்டு, மண்ணும் சாணியும் குழைத்துப் பூசி, மேலே மண் பரப்பிவிட்டால் ஒரு வருஷம் தாங்கும். அந்தப் பக்கத்தில் எல்லோரும் செய்வதுதான். ஆனால் அந்த வருஷம் சர்க்கார் தானியக் கொள்முதல். வீட்டுச் செலவுக்குப் போக மிச்சத்தை அளந்துகொண்டு போனார்கள். செங்கோட்டையன் அளந்து கொடுத்ததுபோக, கொடுக்காதது மண்ணுக்குள் இருந்தது.

குமாரசாமி தாளை விரித்தான். மேடை பதினெட்டடி நீளம், பன்னிரண்டடி அகலம். வரிசைக்கு மூன்றாக ஒன்பது பனங்கால். ஒவ்வொரு காலுக்கும் இரண்டு முழம் ஆழத்தில் கடக்கால். அதில் சரளையும் சுண்ணாம்பும் இடித்து, மேலே தட்டைக்கல் வைத்து, கல்லின்மேல் கால். கறையான் ஏறாது, மழையில் அடி இற்றுப் போகாது. எல்லாம் சரியாக வந்தது. பிறகு நடுப்புள்ளியை ரப்பரால் அழித்தான். அழித்த இடம் வெறுமையாக இருந்தது அவனுக்குப் பிடிக்கவில்லை. பென்சிலைச் சீவி*, அழகான எழுத்தில் எழுதினான்: நடுவில் பாறை.

* அவர் அதை எழுதச் சொல்லவில்லை. இதை அடிக்குறிப்பில் ஒளித்துவைக்கப் பார்க்கிறேன், கவனித்தீர்களா? பொய் சொல்லச் சொல்லி யாரும் கேட்கவில்லை. அது குமாரசாமியின் சொந்தச் சரக்கு.

4

இனிமேல் செல்லமுத்து வருகிறார்.

(முதல் வரைவில் அவரை 'அவன்' என்றுதான் எழுதியிருந்தேன். நேரில் அப்படித்தான் பேசினேன், என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவரை. இப்போது தாளில் 'அவர்' போட்டு மரியாதை செய்கிறேன். செலவில்லாத மரியாதை.)

செல்லமுத்து ஊர் ஆசாரி. ஏர், வண்டி, கதவு எல்லாம் அவர் கைதான். கூலி காசாகக் கிடையாது; அறுப்பு முடிந்ததும் களத்தில் வீட்டுக்கு இத்தனை வள்ளம் சோளம் என்று அளந்து போடுவார்கள். அந்த வருஷம் ஒவ்வொரு களத்திலும் ஒரே பேச்சு: "எல்லாத்தையும் சர்க்காரு அள்ளிட்டுப் போயிருச்சு ஆசாரி." வீட்டில் மனைவி சௌந்திரம், இரண்டு பையன்கள், கடைசியாக ஒரு பெண், ராசாத்தி. ராசாத்திக்கு இரண்டு வயது முடிந்தும் நடை வரவில்லை. எழுந்து நிற்கக் காலில் தெம்பில்லை.

அவர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எழுத்து தெரியாது, புள்ளிகளை எண்ணினார்.

"எட்டுத்தானுங்களா சாமி? பன்னண்டடி அகலமுங்க. பாரம் ஏறுனா நடுவுல தொய்யுமுங்களே."

"நடுவுல பாறை இருக்குது, செல்லமுத்து."

"பாறைன்னா நல்லதாப் போச்சுங்க. கடக்காலே வேண்டாம். பாறை மேலயே கால நிறுத்திப் போடலாமுங்க."

பாறை தட்டும்வரை தோண்டு, தட்டினால்தான் கட்டு என்று மேட்டூரில் இரண்டு வருஷம் காதால் கேட்டவன் குமாரசாமி. அஸ்திவாரத்துக்குப் பாறையைவிட உசத்தி எது? கால் வைக்க முடியாததற்குக் காரணமாக அதைப் போய் எழுதியிருக்கிறான். பொய் சொன்னதற்கு வெட்கப்படாமல், பொய்யைத் தப்பாகக் கட்டியதற்கு வெட்கப்பட்டான்.

செல்லமுத்து கடப்பாறையை எடுத்துக்கொண்டு நடுவுக்குப் போனார். கடப்பாறையைத் தூக்கி ஒரு தரம் விட்டார். தொம் என்றது. பாறை அப்படிச் சத்தம் போடாது. பக்கத்தில் நின்ற செங்கோட்டையனோடு சேர்த்து மூன்று பேருக்கும் கேட்டது. அவர் நிமிர்ந்து செங்கோட்டையனைப் பார்க்கவில்லை, குமாரசாமியைப் பார்த்தார்.

அந்த நேரம் பார்த்து மணியக்காரர் கொல்லை வாசலில் தலையை நீட்டினார். கூடவே தாலூகாவிலிருந்து வந்த கொள்முதல் ஆள். மேடை வேலை நடப்பதைக் கேள்விப்பட்டு வந்திருந்தார்கள். அந்த ஆள் கால் வரும் இடங்களில் அடித்திருந்த அளவுக் குச்சிகளை எண்ணிக்கொண்டே நடந்தார்.

"ஏப்பா, நடுவுல ஒண்ணு குறையுதே?"

குழி தெரிந்தால் சோளமும் போகும், செங்கோட்டையனும் ஜெயிலுக்குப் போவார்.

"பாறைங்க," என்றார் செல்லமுத்து. "சரிஞ்ச பாறைங்க. மேல கால் நிறுத்துனா வழுக்கிரும். தொளச்சா வெடிச்சிரும். அதான் வாத்தியாரு நடுவ உட்டுட்டு ரெட்ட உத்தரம் போடச் சொல்லிட்டாருங்க."

வந்தவர் தலையாட்டிவிட்டுப் போனார். குமாரசாமி கட்டத் தெரியாமல் கட்டிய பொய்க்குச் செல்லமுத்து கால் வைத்து நிறுத்தியிருந்தார். இரட்டை உத்தரமும் அவர் யோசனைதான், படத்தில் இல்லை.

5

(இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.)

அவர்கள் போன பிறகு செல்லமுத்து கடப்பாறையைச் சுவரில் சாத்தினார். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"ஏனுங்க, கூலி தவசமாக் குடுங்க. ரெண்டு வள்ளம் போதுமுங்க. காசக் கொண்டு போனா சந்தையில சோளம் இல்லீங்க."

"ஊட்ல இருந்தாக் குடுக்க மாட்டனா ஆசாரி?" என்று செங்கோட்டையன் சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்த்தார். ஒரு ஆளுக்கு அளந்தால் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும் என்ற பயம். இப்போதுதான் ஒரு ஆள் தன்னைக் காப்பாற்றினார் என்பதை அந்தப் பயம் தின்றுவிட்டது.

செல்லமுத்து அவரோடு வாதாடவில்லை. குமாரசாமி பக்கம் திரும்பினார்.

"சாமி, நீங்க பசங்களுக்குப் படிப்புச் சொல்றவிங்க. நீங்க சொன்னா நாஞ் சரின்னு போயிருவனுங்க. நடுவுல பாறைதானுங்களா?"

அக்கா சமையல்கட்டு வாசலில் நின்றாள். அவள் கையில் வேலை ஒன்றும் இல்லை. அவளும் பதிலுக்குக் காத்திருந்தாள்.

குமாரசாமி சொன்னான்: "பாறைதான்."

(அவன் ஒரு கணம் தயங்கினான் என்று எழுதினேன். தயங்கவில்லை. அடித்துவிட்டேன்.)

"சரீங்க," என்றார் செல்லமுத்து. கடப்பாறையை எடுத்து முதல் குழியைத் தோண்ட ஆரம்பித்தார்.

6

பதினோரு நாளில் மேடை முடிந்தது. எங்கும் இம்மி விலகல் இல்லை. செல்லமுத்து கூலியைக் காசாகவே வாங்கிக்கொண்டு, அடுத்த வாரமே குடும்பத்தோடு மேட்டூருக்குப் போனார். அங்கே வேலை கிடைக்கும், கூலியோடு அரிசியும் போடுவார்கள் என்று யாரோ சொன்னார்களாம். கடைசிப் பெண்ணைச் சௌந்திரம் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள் என்று அக்கா சொன்னாள்.

ஆவணியில் குழியைத் திறக்க முடிவு செய்தார்கள். ஆணியைப் பிடுங்கினால் பலகை பிளந்துபோகுமே என்று செங்கோட்டையன் கவலைப்பட்டார். குமாரசாமி குறடோடு மேடையில் ஏறினான். மற்றப் பலகைகளில் எல்லாம் ஆணித்தலை தெரிந்தது. நடுவில் மூன்று பலகைகளில் மட்டும் ஆணி இல்லை. செல்லமுத்து அவற்றை மர முளைக்குச்சியில் உட்கார வைத்திருந்தார். விரலால் நெம்பினால் எழுந்து வந்தது. நேர் கீழே குழியின் வாய்.

செல்லமுத்துவே வந்து எடுத்துக்கொள்ள வைத்த வழியோ? அப்படி இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு சௌகரியம்! குனிந்து மேல்மண்ணை ஒதுக்கிப் பார்த்தான். சாணிப் பூச்சில் அக்காவின் விரல் தடம் பதித்தது பதித்தபடி இருந்தது. அன்று கடப்பாறை பட்ட ஒரு வடுவைத் தவிர ஒரு வெடிப்புக் கூட இல்லை. ஒருவரும் தொடவில்லை. எங்களுக்கு எடுக்கச் சிரமம் இருக்கக் கூடாது என்று, கேட்காமலே செய்துவிட்டுப் போயிருக்கிறார்.

குழிச் சோளத்துக்கு ஒரு வீச்சம் உண்டு. அக்கா களி கிண்டினாள். குமாரசாமி சாப்பிட்டான். இரண்டாம் தடவையும் போட்டுக்கொண்டான்.

7

முடிவுகள்.

ஒன்று. குமாரசாமி ஒரு மூட்டைச் சோளத்தோடு மேட்டூருக்குப் போகிறான். செல்லமுத்து அவன் கையைப் பிடித்து, "பரவாயில்லீங்க சாமி" என்கிறார். எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. திரும்பப் படித்தால் ஒரே பக்கத்தில் அவரை மூன்று தடவை "பரவாயில்லீங்க" சொல்ல வைத்திருந்தேன். கிழித்தேன்.

இரண்டு. கொள்முதல் ஆள் திரும்பி வருகிறார், பலகை எழும்புகிறது, செங்கோட்டையன் பிடிபடுகிறார். நியாயம்தான். ஆனால் இதிலும் குமாரசாமி ஓரமாக நின்று வேடிக்கை பார்க்கிறான்.

மூன்று. விசேஷத்தன்று எல்லோர் முன்னாலும் மேடை சரிகிறது. உங்களுக்குப் பிடிக்கும். ஆனால் அது செல்லமுத்து செய்த மேடை, சரியாது. என் கதைக்காக அவர் வேலையை உடைக்க எனக்கு உரிமை ஏது?

8

நடந்தது இவ்வளவுதான். இரண்டு வருஷம் கழித்து மேட்டூரிலிருந்து வந்த ஒருவர், "உங்கூரு ஆசாரிய அங்க பாத்தனுங்க. பசங்க ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க" என்றார்.

போனது மூன்று பிள்ளைகள். பையன்களை மட்டும் சொன்னாரோ, இருப்பதே இரண்டுதானோ தெரியாது. ஒரு வார்த்தை கேட்டால் தெரிந்திருக்கும். குமாரசாமி வாயைத் திறந்து, அணையில் தண்ணீர் எத்தனை அடி என்று கேட்டான்.

அதற்குப் பிறகு நானே இரண்டு தடவை மேட்டூருக்குப் பஸ் ஏறினேன். இரண்டு தடவையும் தண்ணீரைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டேன். அதனால்தான் இந்தக் கதைக்கு என்னிடம் முடிவு இல்லை. நீங்கள் அந்தப் பக்கம் போனால், வெண்ணந்தூர்ப் பக்கத்து ஆசாரி செல்லமுத்து வீடு எது என்று கேளுங்கள். ராசாத்தி இருந்தால் இப்போது ஆறு வயது. வாசலில் அவள் ஓடுகிறாளா என்று பாருங்கள். பார்த்ததை இதன் கீழே முடிவாக எழுதிக்கொள்ளுங்கள். எனக்குச் சொல்ல வேண்டாம்.

இல்லை, கடைசி வாக்கியத்தை அடித்துவிட்டேன். சொல்லுங்கள்.