லோகு பேசட்டும்

கிருபா மேலகரத்தில் ஃபேன்சி ஸ்டோர் வைத்திருக்கிறாள். வளையலும் ரிப்பனும் விற்கிற நேரம் போக அவளுக்கு இன்னொரு வேலையும் உண்டு. மகள் ரூபியாக இருப்பது. ரூபிக்குப் பதினாறு வயது. அறிவு வளர்ச்சி மெதுவாக நடக்கிற பிள்ளை. எழுத்து வராது, பேச்சும் நின்று நின்றுதான் வரும். அதனால் வாட்ஸ்அப்பில் ரூபியின் பெயரில் கிருபாவே தட்டுவாள். ‘லோகு, சாப்பிட்டியா?’ இலஞ்சியிலிருந்து உடனே பதில் வரும். ‘சாப்பிட்டேன் ரூபி, நீ?’ கூடவே ரெண்டு இதயம்.

லோகு என்கிற லோகநாயகி இலஞ்சிக்காரி, தென்காசி சிறப்புப் பள்ளியில் ரூபியோடு ஒரே பெஞ்சில் இருந்தவள். இந்த வருடம் அவளை வீட்டோடு நிறுத்திவிட்டார்கள். போனிலாவது பிள்ளைகளின் சிநேகிதம் விட்டுப்போகாமல் இருக்கிறதே என்று கிருபாவுக்கு ஏகப் பெருமை.

சாரல் தொடங்கியதும், சனிக்கிழமை ஐந்தருவிக்கு லோகுவையும் கூப்பிடச் சொன்னாள் ரூபி. வந்த பதிலைக் கிருபா வாசித்தாள். ‘எனக்குத் தண்ணீர் என்றால் பயம் ரூபி. நீ போய் வா.’

“இது லோகு இல்ல,” என்றாள் ரூபி.

“அவ நம்பர்தாம்ட்டி. போட்டோவப் பாரு.”

“லோகு... கொழாயத் தொறந்தா மூடவே மாட்டா. டீச்சர் திட்டுவாங்க. அவளுக்கு பயம் இல்ல.”

கிருபாவுக்குச் சுருக்கென்றது. அங்கே தட்டுவது லோகுவின் அம்மா ஸ்ரீவித்யா என்பது அவளுக்குத் தெரியாதா என்ன? தெரிந்தேதான் ரெண்டு அம்மாக்களும் பிள்ளைகள் வேஷம் கட்டி ஆடிக்கொண்டிருந்தார்கள்.

ரூபி போனைப் பிடுங்கினாள்.

“குடுட்டி, நான் எழுதுதேன்.”

“வேண்டாம். நீ எழுதுனா அது நீ.”

மைக் படத்தை அழுத்தினாள். வாய் திறப்பதற்குள் விரல் வழுக்கியது. மறுபடி அழுத்தினாள். வெறும் மூச்சுச் சத்தமாக நாலைந்து பதிவுகள் இலஞ்சிக்குப் போய்ச் சேர்ந்தன. அந்த வீட்டில் என்ன நினைப்பார்கள் என்று கிருபாவுக்கு மானம் போயிற்று. கடைசியில் ஒன்று ஒழுங்காக விழுந்தது.

“லோகு. நான் ரூபி. நீ பேசு. உங்கம்மா வேண்டாம்.”

எழுத்தில் பதில் வந்தது. ‘லோகு தூங்குகிறாள்.’

ரூபி அதை வாசிக்கக்கூடச் சொல்லவில்லை. வீடியோ காலை அழுத்தினாள். அங்கே துண்டித்தார்கள். திரும்ப அழுத்தினாள். துண்டித்தார்கள். கடை வாசலில் ஸ்டிக்கர் பொட்டு கேட்டு வந்து நின்ற பெண்ணை ரூபியே “நாளைக்கு வாங்க” என்று அனுப்பிவிட்டு மறுபடியும் அழுத்தினாள்.

எடுத்தார்கள். முதலில் ஒரு நெற்றியும் மின்விசிறியும் தெரிந்தன. பிறகு லோகுவின் முழு முகம்.

“ஏட்டி ரூபி, நீ ஏன் எங்கூடப் பேசவே இல்ல?” லோகுவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. “நான் தெனம் அம்மாட்ட கேட்டேன்.”

இத்தனை மாதம் அனுப்பியதில் ஒன்றுகூட இந்தப் பிள்ளையின் காதுக்குப் போகவில்லை என்று கிருபாவுக்கு அப்போதுதான் புரிந்தது. வெட்கமாக இருந்தது. சமாதானம் சொல்ல வாயெடுத்தவளை ரூபி கையால் தள்ளினாள்.

“இப்பப் பேசுதேன்லா. சனிக்கிழமை அருவிக்கு வா.”

“வாரேன்.”

“வேண்டாம்ட்டி, சளி பிடிக்கும்,” என்று பின்னாலிருந்து ஸ்ரீவித்யாவின் குரல் கேட்டது.

“பிடிக்கட்டும்,” என்றாள் லோகு, திரும்பிப் பார்க்காமல். “ரூபிக்கும் பிடிக்கட்டும்.”