இரண்டு முறை கூட்டிய இடம்

பாடை படிக்கட்டுத் திருப்பத்தில் இடித்து நின்றுவிட்டது. முன்கம்பைப் பிடித்திருந்த பக்கத்து வீட்டு ராகுல் சுவரோடு சுவராக நசுங்கியபடி, பின்னால் போகச் சொல்லி வங்காள மொழியில் குரல் கொடுத்தான். மேல்படியில் இருந்த கீதாஞ்சலி, அப்பாவின் தலை ஆடாமல் இரு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். மறுபடி மேலே ஏற்றி, கூடத்தில் இறக்கினார்கள்.

டாக்குரியா பகுதியில் அந்தக் காலத்துக் கட்டடம், லிஃப்ட் கிடையாது. தெருவில் மழைத்தண்ணீர் முழங்கால்வரை நின்றதால், பாடையை மாடியிலேயே கட்டிவிடலாம் என்று சொன்னவர் சித்தப்பா பன்னீர்செல்வம். ஹவுரா ரயில்வே பட்டறையில் காலம் தள்ளியவர். அளக்காமல் ஓர் ஆணிகூட அடிக்க மாட்டார். இன்றைக்கும் டேப்பால் அளந்துவிட்டுத்தான் மூங்கிலை அறுத்தார்.

"எப்பிடிம்மா இடிக்கும்? மேல்வரிசைப் படி, கீழ்வரிசைப் படி ரெண்டையும் அளந்து கூட்டுனேன். தாராளமா எடம் இருக்கே."

"நடுவுல திரும்புற தளத்த எதுல சேத்தீங்க, சித்தப்பா?"

"ரெண்டுலயும்தான். ரெண்டுக்கும் அதுதான முடிவு."

"ரெண்டுக்கும் பொதுவா இருக்குறது ஒண்ணுதான. ஒரு தரம் கழிக்கணும்."

கீதாஞ்சலியின் ஆராய்ச்சியே ஏறக்குறைய இதுதான். உள்ளே குழியாத உருவங்களை எப்படியெல்லாம் அளக்கலாம் என்பது. இரண்டு உருவங்கள் ஒன்றின்மேல் ஒன்று பட்டால், தனித்தனி அளவுகளைக் கூட்டி, பொதுவான பகுதியை ஒருமுறை கழிக்க வேண்டும். இதைப் படிக்கவா இத்தனை வருஷம் என்று கேலி செய்கிற சித்தப்பா, இப்போது டேப்பைச் சுருட்டினார். அவரைப் பார்க்க அவளுக்குப் பாவமாக இருந்தது.

பெட்ஷீட்டில் கிடத்தி நாலு மூலையையும் பிடித்துக்கொண்டால் சுலபமாக இறக்கிவிடலாம் என்றான் ராகுல். இந்தக் கட்டடத்தில் இறந்த எல்லாரையும் அப்படித்தான் இறக்கினார்களாம்.

"வேணாம். அப்பாவ மூட்ட மாதிரி மடிக்க விடமாட்டேன்."

இப்போது அழுதால் ஆளாளுக்கு முடிவெடுத்துவிடுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். டேப்பை வாங்கிக்கொண்டு படியிறங்கினாள். ஓர் உருவத்தை எல்லாத் திசையிலும் அளந்து சராசரி அகலம் கண்டுபிடிப்பது அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் இந்தத் திருப்பத்தில் சராசரி செல்லுபடியாகாது. அப்பா நுழையக்கூடிய ஒரே ஒரு திசை போதும். அண்ணாந்து பார்த்தாள். பழைய கட்டடமாதலால் கூரை நல்ல உயரத்தில் இருந்தது.

"நிக்க வச்சுக் கொண்டுபோலாம்," என்றாள் மேலே வந்து. "நெஞ்சு, இடுப்பு, முட்டி மூணு எடத்துல வேட்டியால கட்டிரலாம். காலுக்குக் கீழ ஒரு குறுக்குக் கம்பு வேணும்."

"செத்தவர நிக்க வைக்கிறதா? கேக்குறவங்க காறித் துப்புவாங்க, பாப்பா."

"துப்பட்டும், சித்தப்பா. கம்பு கட்டித் தர்றீங்களா, நான் கட்டட்டா?"

சித்தப்பா அண்ணியைப் பார்த்தார். அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த கீதாஞ்சலியின் அம்மா கல்பனா ஏறிட்டுப் பார்த்தாள்.

"நிக்கட்டும் தம்பி," என்றாள். "ரெண்டு வருஷமா படுத்தே கெடந்தாரு."

பன்னீர்செல்வம் கம்பைக் கட்டினார். முடிச்சை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார்.

திருப்பத்துக்கு வந்ததும் பின்னாலிருந்தவர்கள் மெல்ல நிமிர்த்தினார்கள். கீழ்ப்படியில் பின்னோக்கி இறங்கிய கீதாஞ்சலியின் தலைக்கு மேலே அப்பாவின் முகம் எழுந்தது. அவர் இவ்வளவு உயரம் என்பது அவளுக்கு மறந்தே போயிருந்தது. இரு தோள்களும் சுவரில் உரசாமல் பாடை அரைச் சுற்றுத் திரும்பியது.

முன்னதாகவே இறங்கிக் கீழே நின்ற கல்பனா நிமிர்ந்து பார்த்தாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, படியின் ஓரமாக ஒதுங்கி அவருக்கு வழிவிட்டாள்.