நிமிர்ந்து நின்ற ஆறு செங்கற்கள்

பூமியின் தென்பாதியில் குளிர்காலமான ஜூலை மாத உறைபனியில் தேனீக்கள் பெட்டிக்குள் பந்தாகத் திரண்டு கிடக்கும். புழு வளர்க்காத காலம் என்பதால் தேனீயை உறிஞ்சும் வரோவா உண்ணிக்குப் புழு அறைகளில் ஒளிய இடம் கிடையாது. சர்க்கரைப் பாகில் அமிலத்தைக் கரைத்துச் தேனடைச் சட்டங்களுக்கு நடுவே சொட்டுவிட்டால் உதிர்ந்துவிடும். ஆனால் ஒரே தடவைதான் விடலாம். மறுபடி விட்டால் தேனீயும் சேர்ந்து போய்விடும். டாப்பனூயி ஊர்த் தேனீ வளர்ப்போர் சங்கத்தில் வருஷா வருஷம் இதை எடுத்துச் சொல்பவர் முர்டோ. கேட்காதவர்களுக்கும் சொல்வார்.

திங்கட்கிழமை தன் ஆறு பெட்டிக்கும் சொட்டுவிட்டு, முடிந்ததற்கு அடையாளமாக மூடிமேல் இருந்த செங்கற்களை நிமிர்த்தி வைத்தார். புதன்கிழமை, செத்த உண்ணி விழும் அடித்தட்டுகளை உருவிப் பார்த்தால், தட்டுக்கு இரண்டு மூன்று உண்ணிதான். "நம்ம தேனீங்க சுத்தம்!" என்று ஊரெல்லாம் போன் போட்டார்.

வியாழக்கிழமை டனீடன் நகரத்திலிருந்து அவருடைய அக்கா எல்ஸ்பெத் வந்தார். முர்டோ ஆட்டுக்குத் தீனி போட்டுவிட்டு வந்து மதியம் சூப்பில் கரண்டியை வைத்தபோது, அக்கா சாவகாசமாகச் சொன்னார்.

"உன் சோம்பேறித்தனம் எனக்குத் தெரியாதாடா? கையோட மருந்து கொண்டாந்தேன். ஆறு பெட்டிக்கும் விட்டுட்டேன்."

கரண்டி பாதி வழியில் நின்றது. "அக்கா! செங்கல் நிமிர்ந்து நின்னதைப் பாக்கலையா?"

"பாத்தேனே. நிமிர்ந்து நின்னா வேலை பாக்கின்னுதானே அர்த்தம்?"

"முடிஞ்சதுன்னு அர்த்தம்!"

"எனக்குச் சொன்னியா?"

சொல்லவில்லை. சங்கத்தில் அறுபது பேருக்குப் பாடம் எடுத்தவர், வீட்டில் ஒருத்தரிடம் வாயைத் திறக்கவில்லை.

அடுத்த மூன்று காலையும் முர்டோ பனியில் மண்டியிட்டு ஒவ்வொரு பெட்டியிலும் காதை வைத்தார். ரீங்காரம் கேட்டது, நம்பத்தான் தைரியம் வரவில்லை. பின்னாலேயே நின்ற அக்கா, "கேக்குதாடா? நிஜமா கேக்குதா?" என்று அழாத குறையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை தட்டுகளை உருவினார்கள். கேழ்வரகைக் கொட்டினாற்போல் உண்ணி. செத்த தேனீ ஏழெட்டுக்கு மேல் இல்லை.

எல்ஸ்பெத் தம்பியை ஏற இறங்கப் பார்த்தார். "உன் மருந்துல விழாதது என் மருந்துல மட்டும் எப்படிடா விழுந்துச்சு? நீ எதை ஊத்தினே?"

கொட்டகைக்குப் போய்ப் பார்த்தார்கள். முர்டோ வாங்கிய அமிலப் பொட்டலம் வாய் பிரிக்காமல் அலமாரியில் உட்கார்ந்திருந்தது. சங்கத்து மேதை ஆறு பெட்டிக்கும் வெறும் பாகை விட்டிருக்கிறார்.

முர்டோவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அதைவிடப் பெரிதாக நிம்மதி வந்து கண் நிறைந்தது. "நீ மூக்கை நுழைக்கலேன்னா எல்லாம் போயிருக்கும்க்கா."

"அறுபது வருஷமா நுழைக்கிறேன். இன்னைக்குத்தான் அதுக்கு நல்ல பேரு."

"வெளியில மட்டும் சொல்லிடாதே."

"மனுஷங்ககிட்டச் சொல்ல மாட்டேன்."

கல்யாணமோ சாவோ, வீட்டுச் சேதியைத் தேனீக்களிடம் சொல்லிவிடுவது அந்தக் குடும்பத்து வழக்கம். எல்ஸ்பெத் விறுவிறுவென்று நடந்து, முதல் பெட்டியை விரலால் தட்டிக் குனிந்தார்.

"ஏய், உங்களைக் காப்பாத்தினது நான். அவன் இல்ல."

அடுத்த பெட்டிக்குப் போனார்.