ஊரைச் சுற்றிப் போன சோளம்

எங்கள் அக்காவுக்கு மாமியார் வீட்டில் கிடைத்த மரியாதை ரயிலில்தான் வந்து இறங்கும். அண்ணன் அனுப்பும் மக்காச்சோளம் நகரத்துக் கூட்ஸ் ஷெட்டுக்குப் போகும். அக்கா புருஷனின் ஆட்கள் அதை இறக்கி, லாரியில் ஏற்றி, கோழித்தீவன மில்களுக்குக் கொண்டு போவார்கள். கல்யாணப் பேச்சில் நகையைவிட அதிக நேரம் பேசப்பட்டது இந்த இறக்குக் கூலி காண்டிராக்ட்தான். சரக்கு வந்த வாரம் மாமியார், "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்பார். வராத வாரம், எவ்வளவு சாப்பிடுகிறாள் என்று பார்ப்பார்.

நகரம் வரவர அடைத்துக்கொண்டது. வந்த பயணிகள் ரயிலுக்கெல்லாம் வழிவிட்டு, எங்கள் கூட்ஸ் வண்டி வெளி சிக்னலில் பழியாய்க் கிடக்கும். ஒரு மழையில் வேகன் கூரை ஒழுகி, சோளம் முளைவிட்டே போய்ச் சேர்ந்தது. தான் கேட்டது தீவனம், நாற்று அல்ல என்று மில்காரர் போனில் சொன்னார். அண்ணனுக்கு அது தைத்துவிட்டது. நகரத்தைத் தொடாமல் சுற்றிப் போகும் புதுப் பாதை திறந்ததும், முதல் ஆளாய்ச் சரக்கை அதில் திருப்பினான். மில்களுக்குப் பக்கத்திலேயே ஒரு சின்ன ஸ்டேஷனில் இறக்கம். வியாபாரமாகப் பார்த்தால் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. நானும் தலையாட்டினேன், பங்காளி அல்லவா.

அக்கா பஸ் ஏறி வந்தாள். அழவில்லை, அழுகிறவர்களுக்கு எங்கள் வீட்டில் விலை படியாது. சரக்கைத் திருப்பியது சரிதான் என்று எடுத்த எடுப்பில் ஒப்புக்கொண்டாள். ஒப்புக்கொண்டு ஆரம்பிக்கிறவர்கள் பெரிதாக எதையோ கேட்கப் போகிறார்கள்.

"புது ஸ்டேஷன்ல இறக்கறதுக்கும் ஆள் வேணும்ல அண்ணே? அதை என் பேர்ல குடு. அவர் பேர்ல வேண்டாம். கூலி நீ சொல்றதுதான்."

அண்ணன் டம்ளரை நகர்த்தி வைத்தான். "அதுக்கு உங்க அண்ணியோட தம்பி ஆள் புடிச்சிட்டானே."

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"நீ கட்டிக்குடுத்த பொண்ணு. உன்னைக் கொண்டுபோய் ஸ்டேஷன்ல நிக்க வைக்கச் சொல்றியா?"

கட்டிக்கொடுத்தபோது கூடவே கூட்ஸ் வண்டியையும் சேர்த்துக் கட்டிக்கொடுத்தது அவனுக்கு மறந்துபோயிருந்தது. அண்ணி அவசரமாய் இலை போட்டாள். பசிக்கவில்லை என்று அக்கா கிளம்பிவிட்டாள். பஸ் நிறுத்தம் வரை நான் போனேன். "நீயாவது சொல்லியிருக்கலாம்டா" என்றாள். நான் தூரத்தில் வந்த பஸ்ஸின் நம்பரைப் படித்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் காதில் விழுந்தவை: அவள் புருஷன் முதுகுவலி என்று படுத்துவிட்டார். மாமியார், மகன் படுத்ததற்கு மருமகளின் ராசியைக் காரணம் சொன்னார். அக்கா, மிஞ்சிய ஆட்களைக் கூட்டிக்கொண்டு காலி ஷெட்டில் தானே போய் உட்கார்ந்தாள். கிடைத்த சில்லறைச் சரக்கை இறக்கினாள்.

இதற்குள் அண்ணனைப் பார்த்து ஊரே திரும்பியிருந்தது. சிமெண்ட், உரம், இரும்பு எல்லாம் சுற்றுப்பாதைக்கு வந்தன. அடுத்த மழைக்காலத்தில் அந்த ஒற்றைத் தண்டவாளத்தில், மாமனார் வீட்டுக்கு விருந்துக்கு வந்த மாப்பிள்ளைகள் மாதிரி, வண்டிக்குப் பின்னால் வண்டி நகர்கிற எண்ணமே இல்லாமல் நின்றது. அண்ணியின் தம்பி போனை எடுப்பதில்லை. நகரத்து ஷெட்டோ காற்று வாங்கிக்கொண்டிருந்தது.

அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டு அக்காவுக்குப் போன் போட்டான். ஸ்பீக்கரில் நானும் கேட்டேன். அடுத்த சரக்கை அங்கேயே அனுப்பட்டுமா என்றான்.

"அனுப்புங்க சார். மழைக்கால ரேட்டு. வண்டி கிளம்பறதுக்கு முன்னாடி பாதிப் பணம் போட்டுடுங்க."

"என்னம்மா, என்கிட்டயேவா?"

"எல்லாருக்கும் அதுதான் சார்."

பின்னாலிருந்து மாமியாரின் குரல் கேட்டது. சாப்பாடு ஆறிப்போகிறது, வாம்மா என்று கூப்பிட்டது.

"இருங்க அத்தை," என்றாள் அக்கா, "லைன்ல பார்ட்டி இருக்காங்க."

அண்ணன் போனை வைத்தான். ரேட்டு கொஞ்சம் ஜாஸ்திதான் என்றான். அவனுக்கு வலித்தது அது ஒன்றுதான்.