சனிக்கிழமை நான்கு மணி நேரம்

அலுவலகத்தில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். அவளுக்கும் அது பிடித்தே இருந்தது. கம்பெனி ஊழியர்கள் வெளியே போய்ச் செய்யும் தொண்டின் மணிக்கணக்கைச் சரிபார்ப்பது அவள் வேலை. மரம் நட்டதாக எழுதினால் தண்ணீர் ஊற்றியது யார் என்று கேட்பாள். வீட்டுக்காரர் தலைவலி என்றாலும் எந்தப் பக்கம் என்று விசாரித்துவிட்டுத்தான் தைலம் எடுப்பாள்.

அந்தக் கண்ணில் கிடங்கில் சரக்கு வண்டி ஓட்டுபவரின் படிவம் பட்டது. முதியோர் இல்லம், சனிக்கிழமைதோறும் நான்கு மணி நேரம், பன்னிரண்டு வாரம். செய்த பணி: துணைக்கு இருத்தல். ஒரு போட்டோகூட இல்லை. போட்டோ இல்லாத தொண்டு எதையும் அவள் அந்தக் கம்பெனியில் பார்த்ததே கிடையாது. சிறந்த தொண்டர் கேடயத்துக்கு அவர் பெயர்தான் முதலில் நின்றது.

"பொய் மணி எழுதினா வேலை போயிடும்னு தெரியும்ல அவருக்கு?" என்றாள் பக்கத்து மேஜைக்காரரிடம்.

"பாவம்மா, வீட்ல ரெட்டைக் குழந்தை. பொறந்து நாலு மாசம்தான் ஆகுது."

"கைக்குழந்தைங்கள விட்டுட்டு ஊருக்குத் தொண்டா? எங்கேயோ இடிக்குதே!"

சனிக்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்றாள். வாசல் நாற்காலியில் இருந்த பெரியவர் முப்பது வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவராம். அவளுடைய அடையாள அட்டையை வாங்கி, பழைய பாஸைப் பார்ப்பதுபோல் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"போட்டோல இருக்கறது நீங்கதானா? சிரிக்கவே இல்லையே."

"நேர்லயும் சிரிக்க மாட்டேன்."

"அப்ப சரி. செருப்பக் கழட்டிக் கையில வச்சுக்குங்க. சத்தம் வரக் கூடாது."

அவள் சந்தேகம் முற்றிவிட்டது. உள்ளே டிவி ஊமையாக ஓடியது. சன்னலோரக் கட்டிலில் நம் தொண்டர் வாயைப் பிளந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். தலைமாட்டில் ஒரு அம்மா செய்தித்தாளால் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். சுவரில் ஒரு அட்டவணை: யார் எப்போது ஈ ஓட்டுவது, யார் வாசல் காப்பது, போன் அடித்தால் யார் ஓடுவது.

"இது மோசடி!" என்றாள். பத்துப் பேர் ஒரே நேரத்தில் 'உஸ்' என்றார்கள்.

ஈ ஓட்டியவர் அவளை மூலைக்கு இழுத்துப் போனார். "உங்க கம்பெனி ஆளுங்க வருவாங்க, எங்களப் பாடச் சொல்லிப் போட்டோ எடுத்துக்கிட்டுப் போயிடுவாங்க. இந்தத் தம்பி முத நாள் பேப்பர் படிச்சுக் காட்டுறேன்னு உக்காந்துச்சு, ரெண்டாவது வரியிலயே தூங்கிடுச்சு. போர்வை தேடி நாங்க ஓடுன ஓட்டம் இருக்கே! இந்த வயசுல எங்கள நம்பி யாரும்மா எதையாச்சும் ஒப்படைக்கறாங்க?"

அதற்குள் தொண்டர் விழித்துவிட்டார். அவளைப் பார்த்ததும் முகம் வெளுத்தது.

"மேடம், சனிக்கிழமை நான் தூங்குவேன், ஞாயித்துக்கிழமை என் வீட்டுக்காரி தூங்குவா. வீட்ல அப்படித்தான் ஓடுது. ஆனா மணி எழுதுனது தப்புதான். வேலை போயிடுமா?"

கையும் களவுமாகப் பிடித்தாயிற்று. ஏனோ அந்தப் பிடி அவளுக்கே வலித்தது. அவருடைய படிவத்தையும் பேனாவையும் நீட்டினாள்.

"திங்கக்கிழமைதான் கணக்கு முடியுது. அதுக்குள்ள நீங்களா அடிச்சா அது திருத்தம். அதுக்கப்புறம் நான் கண்டுபிடிச்சாத்தான் பொய். அடிங்க."

பன்னிரண்டு சனிக்கிழமையும் அடிபட்டன. கேடயம் போயிற்று.

"அடுத்த வாரம் வரலாமா மேடம்?" என்றார் மெல்ல.

அவள் புதுப் படிவம் ஒன்றை எடுத்து எழுதினாள். தொண்டு செய்தவர்கள்: இல்லத்தார் பத்துப் பேர். பயனடைந்தவர்: எங்கள் ஊழியர் ஒருவர். செய்த பணி: தூங்கவிட்டது. பொய் எங்காவது ஒட்டியிருக்கிறதா என்று இரண்டு முறை படித்தாள். இல்லை.

கண்டக்டர் படிவத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "எல்லாம் சரி. தொண்டு செய்யறவங்களுக்கு உங்க கம்பெனில பனியன் தருவாங்களே, அது எங்க? எனக்குப் பெரிய சைஸ்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

கண்டக்டர் சட்டென்று கையை நீட்டினார். "அந்த அட்டையக் கொஞ்சம் திரும்பக் காட்டுங்க. இது வேற ஆளாட்டம் இருக்கு."