மூன்றாவது வெள்ளை

துளைக்கும் மெஷின் நின்றதும் சிமெந்துத் தூள் பாயில் கொட்டியது. சுவருக்குள்ளிருந்து நீல வயரொன்று தலை நீட்டியது. ஸுஹைறா அதைப் பிடித்து இழுத்தாள்.

புருஷன் மௌத்தாகி, விதவை வீட்டோடு இருக்கும் நாலு மாதம் பத்து நாள் இத்தாவில் இருக்கிறாள். அந்நிய ஆண் உள்ளே வர முடியாது. டெலிபோன் ஜாக்கும் ரூட்டரும் ஆட்கள் வந்துபோகும் முன்மண்டபத்தில். அவள் இருக்கும் பின்னறைக்கு சிக்னல் எட்டுவதில்லை. தோஹாவிலுள்ள ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒன்லைனில் குர்ஆன் ஓதிக்கொடுப்பதுதான் இப்போது வீட்டின் ஒரே வருமானம். வகுப்பு அறுந்து அறுந்து போகிறது. "இண்டைக்கும் சரிவரல்லெண்டா வேற ஆள் பாக்கிறம்" என்று ஒரு தாய் குரல்பதிவு அனுப்பியிருந்தாள்.

சாய்ந்தமருதிலிருந்து வயர் இழுக்க வந்த இஹ்ஸான் ஜன்னலுக்கு வெளியே நின்றான். உள்ளே வயரைப் பிரித்து, அதிலுள்ள எட்டு நிற இழைகளையும் வரிசைப்படி ஜாக்கில் பூட்டுவது அவள் வேலை. இடையில் உம்மா கமீலா கதிரை போட்டிருந்தாள், அவன் சொல்வதை வாங்கி மகளிடம் சொல்ல. மகளின் குரல் வெளியே போகக்கூடாது என்பது உம்மாவின் சட்டம். மார்க்கத்தில் அப்படி இல்லையென்று ஓதிக்கொடுப்பவளுக்குத் தெரியும்.

"முதல் வெள்ளையாம். பொறகு செம்மஞ்சளாம். பொறகும் வெள்ளையாம்."

"எந்த வெள்ளை உம்மா? நாலு கிடக்கு, நாலிலயும் வேற வேற கோடு."

"வெள்ளையெண்டா வெள்ளைதான். சாறியா எடுக்கப் போறாய்?"

வெளியே இஹ்ஸான் சிரித்தான். "மாமி, இப்பிடிக் கதைச்சா கல்முனைக்கே நெட் வராது."

தெரிந்தபடி பூட்டி லெப்டொப்பில் செருகினாள். இணைப்பு இல்லை. கழற்றி மாற்றினாள். இல்லை. வயர் நுனி பெருவிரலைக் கீறியது. பள்ளிவாசலில் பின்னேர அஸர் தொழுகைக்குப் பாங்கு கேட்டது. தொழுகை முடிந்தால் வகுப்பு.

எழுந்து ஜன்னல் சீலைக்குப் பக்கத்தில் போனாள்.

"தம்பி, மூணாவது வெள்ளையில என்ன கோடு?"

இஹ்ஸான் ஜன்னலிலிருந்து ஓரடி விலகி நின்று சொன்னான்.

"பச்சைக் கோடு, ராத்தா. நாலாவது நீலம். அஞ்சாவது, நீலக் கோடு போட்ட வெள்ளை."

"மௌத்தானவர்ர மண் காயல்ல" என்றாள் உம்மா. "றோட்டால போறவனெல்லாம் கேக்கட்டும்."

ஸுஹைறா கடைசி வயரை அழுத்தினாள். இணைப்பு வந்தது. உம்மா கதிரையைத் தூக்கிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள்.

தொழுதுவிட்டு வந்து எழுத்துப் பலகையைக் கெமராவுக்குக் காட்டினாள். படம் தெளிவாக இருந்தது. முன்பல் விழுந்த பிள்ளை வாயைத் திறந்து, ஓதாமல் நின்றது.

"டீச்சர், கையில ரத்தம்."

மீண்டும் கசிந்த விரலை, இத்தாவுக்கு உடுத்த வெள்ளைச் சட்டையின் கைப்பகுதியில் துடைத்தாள். "ஓது."

பிள்ளைக்குப் பின்னால், குரல்பதிவு அனுப்பிய தாய் வந்து குனிந்தாள். இரண்டு முகங்களும் எழுத்தைப் பார்க்கவில்லை. வெள்ளையில் படிந்த அந்தச் சிவப்பைப் பார்த்துக்கொண்டிருந்தன.