மாமா காரின் மூக்கில் பிள்ளையார்

வெண்மதியின் கார் பட்டறை இருப்பது அவள் தாய்மாமன் பஞ்சநாதனின் பீங்கான் கம்பெனிக் கொட்டகையில். "என் வண்டிக் கோளாற இந்த வாரத்துக்குள்ள கண்டுபிடி. இல்லன்னா கொட்டகைய காலி பண்ணு, சரக்கு வைக்க எடம் பத்தல" என்று மாமா சொல்லிவிட்டார். சொந்தம் என்றால் சலுகை கிடைக்கும் என்று நம்புகிறவர்கள் அவரிடம் ஒருநாள் வேலை பார்க்கவேண்டும்.

முன்னால் போகும் வண்டிக்கு ஏற்ப வேகத்தைத் தானே கூட்டிக் குறைக்கும் க்ரூஸ் கண்ட்ரோல் அந்தக் காரில் உண்டு. மாமா ஓட்டினால் மட்டும், முன்னால் பார்க்கும் ரேடார் சென்சாரை ஏதோ மறைக்கிறது என்று திரையில் எழுதிவிட்டுப் படுத்துக்கொள்ளும். சர்வீஸ் சென்டருக்குப் போனால் சமர்த்தாக ஓடும்.

வெண்மதி ஸ்கேனரைச் செருகினாள். பழைய கோளாறு பதிவாகியிருந்தது, இப்போது ஒன்றுமில்லை. ஒயர், பிளக், ரேடார் நிற்கும் கோணம், எல்லாம் சரி. ஓட்டிப் பார்த்தாள், நன்றாகவே ஓடியது. அவளுக்கு அழுகை வந்தது. ஆசை ஆசையாகப் போட்ட பட்டறை, நன்றாக ஓடுகிற ஒரு காரால் போகப்போகிறதே!

ஆத்திரத்தோடு காரின் முன்னால் குந்தினாள். ரேடாரை மூடிய கறுப்பு பிளாஸ்டிக்கைச் சுற்றி நாலு கீறல். கிளிப்பை மாட்டி மாட்டிக் கழற்றிய தடம்.

"மாமா, இங்க என்னா மாட்டியிருந்தீங்க?"

"அதுவா? நம்ம புள்ளையாரு. ஆயுத பூஜைக்கு நானே சூளையில போட்டது. எவனாச்சும் கழட்டிக்கினு பூடுவான்னு, ரிப்பேருக்கு வுடும்போது மட்டும் எடுத்து வச்சிருவேன்."

டிக்கியிலிருந்து துண்டில் சுற்றிய பிள்ளையார் வந்தார். வெள்ளைப் பீங்கான், பின்னால் தகதகவென்று தங்கம் பூசிச் சுட்ட வட்டம். வெண்மதி சிரித்த சிரிப்பில் சூளையடியில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"பிளாஸ்டிக்க தாண்டி ரேடார் பாக்கும் மாமா. தங்கத்த தாண்டிப் பாக்காது. கண்ணக் கட்டிட்டு, ஏன் தெரியலன்னு கேக்குறீங்க!"

"புள்ளையாரையா குத்தம் சொல்ற?"

"அவரச் சொல்லல, நீங்க ஒக்கார வச்ச எடத்தச் சொல்றேன். ஏறுங்க."

பிள்ளையாரை மாட்டிப் பெண்ணாடம் சாலையில் ஓட்டினாள். ஊரைத் தாண்டியதும் திரையில் அதே எச்சரிக்கை. ஓரமாக நிறுத்தி, அவரைக் கழற்றி மாமா மடியில் வைத்தாள். மறுபடி கிளம்பினாள். முன்னால் கரும்பு டிராக்டர் ஒன்று ஆடி அசைந்து போனது. காலை பிரேக்குக்கு மேலே தயாராக வைத்திருந்தாள், அழுத்தவில்லை. கார் தானாக வேகத்தைக் குறைத்து, இடைவெளி விட்டு, டிராக்டருக்குப் பின்னால் மரியாதையாக ஊர்ந்தது. பிள்ளையாரை இறுக்கிப் பிடித்திருந்த மாமா முதலில் "ஐயோ ஐயோ" என்றார், பிறகு "அட!" என்றார்.

"ஜெயிச்சிட்டேன் மாமா!" வெண்மதி ஸ்டியரிங்கைத் தட்டினாள். ஊரையே கூப்பிட்டுச் சொல்லவேண்டும் போலிருந்தது அவளுக்கு.

திரும்பி வந்ததும் மாமா ஏணியைக் கொண்டுவரச் சொல்லித் தானே ஏறினார். கொட்டகை வாசலில், அவள் பெயர்ப் பலகைக்கு மேலே பிள்ளையாரை வைத்து, சிமெண்ட் போட்டுப் பூசினார்.

"சரக்கு வைக்க எடம்?" என்று கேட்டாள் வெண்மதி.

"சாமிய ஒக்கார வச்சாச்சு. இனிமே அவரக் காலி பண்ணச் சொல்ல முடியுமா? வேற எடம் பாத்துக்குறேன், போ."